பயில்வான் கிங் காங்

சிங்கப்பூரில் கடை வைத்துப் பிழைத்த நம்மவர்களில் மூத்தவர்கள் இரண்டு பேர் ஓரிடத்தில் உட்கார்ந்துவிட்டால், பேச்சு சரக்கு விலையில் தொடங்கி, ஊர் நினைவுகளைச் சுற்றிவந்து, எப்படியாவது கிங் காங் பயில்வானிடம் வந்து நின்றுவிடுவதை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். அவர் நம் ஊரவரல்லர், நம் மொழியினருமல்லர், ஐரோப்பாவிலிருந்து வந்த ஒரு வெள்ளைக்காரர். ஆயினும் 1950களில் சிங்கப்பூரில் மட்டுமின்றி, சென்னையிலும் கொழும்பிலும்கூடத் தமிழர் வாயில் அந்தப் பெயர் புழங்கிற்று. குஸ்தி என்றால் கிங் காங், கிங் காங் என்றால் தாரா சிங் என்ற நிலைமை இருந்தது.

வியாபாரத்தில் ஈடுபட்டுள்ள நம் வாசகர்கள் இவருடைய வாழ்க்கையை ஒருமுறை படித்துப் பார்ப்பது தகும் என்பது நம் எண்ணம். ஒரு மனிதனைப் பார்க்க ஜனங்கள் ஏன் பணம் கொடுக்கிறார்கள் என்பது மேடைக்காரர்களுடைய கேள்வி மட்டுமன்று. கல்லாவில் உட்கார்ந்திருக்கிறவனுக்கும் அதே கேள்விதான்.

அவருடைய இயற்பெயர் எமீல் ஸாயா. பிறந்த ஆண்டு 1909. பிறந்த ஊர், அன்று ஆஸ்திரிய-ஹங்கேரிய சாம்ராஜ்யத்தில் அடங்கியிருந்த பிராஷோ. முதலாவது உலக யுத்தத்தில் அந்த சாம்ராஜ்யம் சிதறுண்டபோது ஊர் ருமேனியாவின் பக்கம் போய்விட்டது. இன்று அதை பிராஷோவ் என்று அழைக்கிறார்கள். சிறு பிராயத்திலேயே, இருந்த இடத்தில் இருந்தபடியே தேசம் மாறிப்போன மனிதர் பிற்காலத்தில் எந்தத் தேசத்திலும் நிலைகொள்ளாமல் லாகூர், பம்பாய், சிங்கப்பூர், டோக்கியோ என்று சுற்றித் திரிந்ததில் வியப்பில்லை.

1930களில் அவர் இந்தியாவுக்கு வந்து சேர்ந்தார். 1933ஆம் ஆண்டில் வெளியான அமெரிக்கப் படமொன்றில் வரும் இராட்சதக் குரங்கின் பெயர் கிங் காங். அந்தப் பெயரே அவருடைய கோதாப் பெயராயிற்று. எமீல் ஸாயா என்ற பெயரை எந்த நாட்டு ரசிகன் வாயால் சொல்வான்? கிங் காங் என்றால் படித்தவனுக்கும் புரியும், படிக்காதவனுக்கும் புரியும். சுவரொட்டியில் இரண்டே சொல். சரக்குக்கு மார்க்கா வைப்பதில் எவ்வளவு இருக்கிறதென்று நம் வாசகர்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை. மார்க்காவுக்கு ஏற்ற சரக்கும் உள்ளே இருந்தது. பெயர் பெற்றிருந்த காலத்தில் அவருடைய எடை ஏறத்தாழ 400 பவுண்டு. முகத்தில் தாடி, மார்பெல்லாம் ரோமம், கோபக்காரப் பார்வை. அவர் ஒரு வேளைக்கு உண்ணும் கோழி எத்தனை, முட்டை எத்தனை என்று ஊருக்கு ஊர் கதை உண்டு. ஊர் மாற மாற எண்ணிக்கையும் ஏறிக்கொண்டே போகும். இப்படிப்பட்ட கதைகளை யாரும் மறுத்ததாகத் தெரியவில்லை. மறுப்பதில் யாருக்கு இலாபம்?

அந்த நாட்களில் லாகூரில் ஹமீதா பயில்வானோடு மோதி அவர் தோற்றார். பழைய முறைப்படி பார்த்தால், ஐரோப்பாவிலிருந்து வந்தவன் லாகூரில் மண் கவ்வினான் என்றால் அதோடு கதை முடிய வேண்டும். ஆனால் கதை அங்கேதான் ஆரம்பமாயிற்று. இதைப் புரிந்துகொள்ள, வேறு வகைப் பயில்வான் ஒருவரைப் பற்றி இங்கே சிறிது சொல்ல வேண்டியிருக்கிறது.

குலாம் முஹம்மது என்ற இயற்பெயர் கொண்ட காமா பயில்வானை அறியாத முஸ்லிம்கள் ஒரு தலைமுறைக்கு முன் இருந்திருக்க மாட்டார்கள். 1910ஆம் ஆண்டு அவர் லண்டனுக்குப் போனபோது, உயரம் போதாது என்று போட்டியில் சேர்க்க மறுத்தார்கள். அவரோ அங்கிருந்த மல்லர்களுக்கெல்லாம் பகிரங்கமாகச் சவால் விட்டார். கடைசியில் செப்டம்பர் 10ந் தேதி போலந்து நாட்டு மல்லர் ஸ்பிஷ்கோவோடு போட்டி நடந்தது. ஸ்பிஷ்கோ தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டு கிடந்தார். இரண்டரை மணி நேரத்துக்கு மேல் சென்றும் முடிவு காணவில்லை. மறு போட்டி செப்டம்பர் 17ந் தேதி என்று குறித்தார்கள். அன்று ஸ்பிஷ்கோ வரவேயில்லை. பட்டம் காமாவுக்குப் போயிற்று. 1928ல் பாட்டியாலாவில் அவ்விருவரும் மறுபடி சந்தித்தபோது ஒரு நிமிஷம்கூடப் பிடிக்கவில்லை, காமா முடித்துவிட்டார். ஆயுள் முழுவதும் தோல்வியறியாதவர் என்ற புகழோடு 1960ல் லாகூரில் காலமானார்.

திறமையை அளவிட்டால் கிங் காங் அவருக்குப் பக்கத்தில் நிற்க முடியாது. ஆனால் வசூல் என்ற கணக்கை எடுத்துப் பாருங்கள். காமாவோடு மோத ஆள் கிடைப்பது அரிது. கிடைத்தாலும் ஒன்று எதிராளி ஓடிவிடுவான், அல்லது ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும். முடிவு முன்கூட்டியே தெரிந்த போட்டிக்கு ஒருமுறை வருவார்கள், இருமுறை வருவார்கள்; வாராவாரம் வருவார்களா? திறமை ஒன்றே கூட்டத்தைத் திரட்டிவிடாது என்பதற்கு நம் சிங்கப்பூரிலேயே உதாரணம் உண்டு. குத்துச்சண்டை வீரர் சையது அப்துல் காதர் 1972ல் மியூனிக் ஒலிம்பிக்கில் இந்நாட்டின் சார்பில் இறங்கியவர். 1974ல் கிறைஸ்ட்சர்ச் காமன்வெல்த் போட்டியில் வெண்கலப் பதக்கம் வென்றவர். மெய்யான வீரம் அது. ஆனாலும் தெருவில் போகிற பத்துப் பேரை நிறுத்தி அவர் பெயரைக் கேட்டால் எத்தனை பேர் சொல்வார்கள் என்பது சந்தேகமே.

இனிச் சிங்கப்பூருக்கு வருவோம். அக்காலத்தில் இந்நகரத்தில் மூன்று உலகங்கள் இருந்தன. ஜாலான் புசாரில் நியூ வேர்ல்ட், 1923ல் ஏற்பட்டது. கிம் செங் ரோட்டில் கிரேட் வேர்ல்ட், 1931ல் வந்தது. அதற்குச் சில ஆண்டுகள் கழித்துக் கேலாங்கில் ஹேப்பி வேர்ல்ட். சீன நாடகம், மலாய் பங்சவான், நடனக் கொட்டகை, சினிமா, சாப்பாட்டுக் கடை எல்லாம் ஒரே மதிலுக்குள் அடங்கியிருக்கும். இவற்றில் நியூ வேர்ல்ட் நம்மவர்களுக்கு மிக அண்மை. அங்குல்லியா பள்ளிவாசலிலிருந்து நடந்தே போய்விடலாம். சிராங்கூன் ரோட்டுக் கடைகளை மூடிவிட்டு இரவில் ஓய்வாகக் கிளம்புகிறவர்களுக்கு அதைவிட அருகில் வேறு பொழுதுபோக்கு ஏது? இந்தப் பூங்காக்களின் கோதாக்களில் யுத்தத்துக்கு முன்பே பிலிப்பைன்ஸ் நாட்டுக் குத்துச்சண்டைக்காரர்கள் வந்து சண்டையிட்டுப் பெயர் வாங்கியிருந்தார்கள். யுத்தம் முடிந்த பிறகு குஸ்திக்கு யோகம் அடித்தது. அந்த யோகத்தின் நடுநாயகம் கிங் காங்.

குஸ்தி இரவு என்றால் கோதாவுக்குள் மட்டுமா வியாபாரம்? வெளியே சரபத் கடை, மீ கோரெங் வண்டி, கச்சான்பூத்தி, சுருட்டு, சிகரெட் எல்லாவற்றுக்கும் கை நிறைந்த வேலை. இந்தத் தொழில்களில் நம்மவர் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதை நாம் விவரிக்க வேண்டுவதில்லை. கூட்டம் திரட்டும் மனிதன் ஒருவன் இருந்தால் அவனைச் சுற்றி நூறு அடுப்பு எரியும்.

சரி, கூட்டம் எதற்காக வந்தது? கிங் காங்கின் வெற்றியைக் காண்பதற்கு வந்தவர்கள் சொற்பம். பெரும்பாலோர் வந்தது அவர் அடிபடுவதைக் காண்பதற்கே. அவர் மேடையேறியதுமே கூச்சல் எழும். அவரும் கூட்டத்தை முறைப்பார். நடுவரை மதிக்க மாட்டார். சிறிய உருவமுள்ள எதிராளியின் மேல் தம் உடம்பை அப்படியே சாய்த்து நசுக்குவார். பார்க்கிறவனுக்கு இரத்தம் கொதிக்கும். இவனை யாராவது தூக்கி அடிக்க மாட்டார்களா என்று ஏங்குவான். அந்த ஏக்கம் அன்றிரவே தீர்ந்துவிட்டால் அடுத்த வாரம் அவன் வரமாட்டான். ஆகவே இன்று கிங் காங் ஜெயிப்பார். அடுத்த முறை சமமாக முடியும். அதற்கடுத்தது கடைசித் தீர்ப்பு என்று விளம்பரமாகும். அந்தத் தீர்ப்பிலும் ஏதாவது தகராறு வந்து இன்னொன்று தேவைப்படும். தவணை முறையில் ஆத்திரத்தை விற்பது என்று இதைச் சொல்லலாம். இந்தச் சூட்சுமம் சிங்கப்பூர்க்காரர்கள் கண்டுபிடித்ததன்று. 1921ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜெர்சி சிட்டியில் டெம்ப்ஸிக்கும் பிரெஞ்சு வீரர் கார்ப்பந்தியேவுக்கும் நடந்த குத்துச்சண்டைதான் வாசல் வசூல் பத்து லட்சம் டாலரைத் தாண்டிய முதலாவது சண்டை. கார்ப்பந்தியே யுத்தகளத்தில் போராடியவர். டெம்ப்ஸியோ பட்டாளத்துக்குப் போகாமல் தப்பியவர் என்ற பழிச்சொல்லுக்கு ஆளாகி, நீதிமன்றத்தில் குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பட்டவர். அந்தப் பழியே டிக்கட்டை விற்றது.

கிங் காங்குக்கு ஏற்ற எதிராளி சிங்கப்பூரிலேயே உருவானார். பஞ்சாபில் அமிர்தசரஸுக்கு அருகில் தர்முசக் என்ற கிராமத்தில் 1928ல் பிறந்த தாரா சிங், 1947ல் பிழைப்புத் தேடி இங்கே வந்து, டிரம் செய்யும் தொழிற்சாலையில் கூலி வேலை பார்த்தார். அவருடைய உயரத்தையும் தோளையும் கண்டவர்கள் குஸ்தி பழகச் சொன்னார்கள். கிரேட் வேர்ல்ட் அரங்கத்தில் ஹர்னாம் சிங் என்பவரிடம் பயிற்சி பெற்றார். பிறகு கோலாலம்பூரில் தர்லோக் சிங்கை வென்று மலாயா வீரர் பட்டம் பெற்றதும் அவருடைய பெயர் பரவிற்று. அழகிய முகம், அடக்கமான பேச்சு, உழைத்துப் பிழைக்க வந்த குடியானவன் என்ற வரலாறு. கடல் கடந்து வந்து கடையில் ஏவல் வேலை பார்த்து முன்னுக்கு வந்த நம்மவன் ஒவ்வொருவனும் அவரிடத்தில் தன்னைக் கண்டிருப்பான். ஒரு பக்கம் அவர், மறு பக்கம் இந்த மலை. 1950களில் இவ்விருவரும் இந்தியாவெங்கும் மோதினார்கள். ராஞ்சியில் தாரா சிங் அந்த மலையையே தலைக்குமேல் தூக்கி எறிந்தார் என்று இன்றைக்கும் வடநாட்டில் கதை சொல்கிறார்கள். தமிழ்நாட்டில் அவ்விருவர் பெயரையும் சேர்த்தே சொல்வார்கள், ஏதோ ஒரே கடையின் இரு பங்காளிகளைப் போல. ஒருவகையில் அது உண்மையுங்கூட.

இங்கே ஒரு சங்கடமான விஷயத்தைத் தொடாமல் போக முடியாது. இந்தப் போட்டிகளெல்லாம் நிஜமா, முன்னேற்பாடா என்று அக்காலத்திலேயே கடைத்திண்ணைகளில் தர்க்கம் நடந்தது. தொழில்முறைக் குஸ்தி என்பது உலகெங்கிலும் பெரும்பாலும் முடிவைப் பேசி வைத்துக்கொண்டு நடத்தப்படுவது என்பது இன்று வெளிப்படை. அப்படியானால் கிங் காங் ஜனங்களை ஏமாற்றினாரா? குறைந்த எடையில் நிறுத்துவது ஹராம் என்று வளர்ந்த நமக்கு இந்தக் கேள்வியைச் சும்மா விட மனம் வருவதில்லை. பந்தயம் கட்டிப் பணம் இழந்தவன் இருந்தால் அவனுக்கு இழைக்கப்பட்டது அநியாயமே; அதில் நமக்கு இரண்டாவது அபிப்பிராயம் இல்லை. ஆனால் டிக்கட் வாங்கிப் பார்த்தவன் விஷயம் வேறென்று நினைக்கிறோம். அவன் விலைக்கு வாங்கியது இரண்டு மணி நேர ஆத்திரமும், அந்த ஆத்திரம் தீர்கிற சுகமும். அது அளவு குறையாமல் கிடைத்தது. 400 பவுண்டு உடம்பு பலகைமேல் விழுவதில் பொய் ஒன்றுமில்லை. முடிவைப் பேசி வைத்தாலும் வலியைப் பேசி வைக்க முடியாது. ஐம்பது வயதைக் கடந்தும் வாரந்தோறும் அப்படி விழுந்து எழுந்தவர் அவர்.

இதைவிட முக்கியமாக நாம் கருதுவது இன்னொன்று. ஆத்திரத்தை விற்பவன் எந்த ஆத்திரத்தை விற்கிறான் என்பதே அது.

கறுப்பு இனத்தைச் சேர்ந்த ஜாக் ஜான்சன் என்ற அமெரிக்கக் குத்துச்சண்டை வீரர் 1908ல் சிட்னி நகரில் டாமி பேர்ன்ஸை வென்று உலகப் பட்டம் பெற்றார். அன்று தோற்ற வெள்ளையருக்குக் கூலி 30,000 டாலர். வென்ற ஜான்சனுக்கு 5,000. அதன்பின் ஜான்சனை எப்படியாவது வீழ்த்த வேண்டுமென்று, ஓய்வுபெற்றுவிட்ட ஜெஃப்ரீஸைத் தேடிக் கொண்டுவந்து, 1910 ஜூலை 4ந் தேதி ரீனோ நகரில் மோதவிட்டார்கள். பரிசுத்தொகை ஒரு லட்சம் டாலருக்கு மேல். விற்கப்பட்ட சரக்கு இனத்துவேஷம். ஜான்சன் வென்றார். அன்றிரவே அமெரிக்காவின் பல நகரங்களில் கலகம் மூண்டு உயிர்கள் மாண்டன. அந்தச் சண்டையின் படத்தைப் பல ஊர்களில் தடை செய்தார்கள்.

சிங்கப்பூர் அப்படிப்பட்ட நெருப்புப் படாத ஊரல்ல. 1950 டிசம்பரில் நத்ரா வழக்கை ஒட்டி எழுந்த கலவரத்தில் 18 பேர் மாண்டார்கள். 1964ல் ஜூலையிலும், மறுபடி செப்டம்பரிலும் சீனருக்கும் மலாய்க்காரருக்கும் இடையே இரத்தம் சிந்தியது. இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட காலமே கிங் காங்கின் பொற்காலம். சீனர், மலாய்க்காரர், சீக்கியர், தமிழர் எல்லோரும் வரும் பூங்காவில், ஓர் இனத்தவனை மற்றோர் இனத்தவன்மேல் ஏவிவிட்டு டிக்கட் விற்பது எளிது. சீக்கிரம் பணமும் சேரும். ஆனால் கிங் காங் எந்தக் கூட்டத்துக்கும் சொந்தமில்லாதவர். அவரை வெறுத்தால் இங்கே எந்தத் தெருவும் புண்படாது, எந்தக் கடையும் உடைபடாது. நாலு இனத்தவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே குரலில் அவரை ஏசிவிட்டு, ஒரே சரபத் கடையில் தாகம் தீர்த்துக்கொண்டு வீடு போய்ச் சேரலாம். பூங்கா முதலாளிகள் இதையெல்லாம் யோசித்துச் செய்தார்களென்று நாம் சொல்ல வரவில்லை. அவர்கள் பார்த்தது வசூலை. ஆயினும் விளைவு அப்படி அமைந்தது.

1955 நவம்பரில் கிங் காங் ஜப்பானுக்குப் போனபோது வேறொரு வகை வியாபாரத்தைக் கண்டார். அங்கே ரிக்கிடோஸான் என்ற மல்லர் தேசிய வீரராக இருந்தார். முந்திய ஆண்டில் அவர் வெள்ளைக்கார மல்லர்களை அடித்தபோது, யுத்தத்தில் தோற்றுப்போயிருந்த ஜப்பானியர் தெருவோரத்தில் வைத்திருந்த டெலிவிஷன் பெட்டிகளின் முன் ஆயிரக்கணக்கில் குழுமி ஆர்ப்பரித்தார்கள். ஆனால் அந்த ஜப்பானிய வீரர் பிறப்பால் கொரியர். இரசிகர்களுக்கு அது மறைக்கப்பட்டிருந்தது. ஆசியப் பட்டத்துக்காக டோக்கியோவில் நவம்பர் 22ந் தேதி நடந்த இறுதிப் போட்டியில் கிங் காங் அவரிடம் தோற்றார். வெறுங்கையோடு திரும்பவில்லை, டைகர் ஜோகிந்தர் சிங்கோடு சேர்ந்து ஆசிய ஜோடிப் பட்டத்தை முதன்முதலில் வென்றவர் என்ற பெயர் அவருக்கு அங்கே கிடைத்தது. ரிக்கிடோஸான் 1963ல் ஒரு கேளிக்கை விடுதியில் கத்திக்குத்துப்பட்டு, ஒரு வாரம் கழித்து இறந்துபோனார்.

அதே 1963ல் சிங்கப்பூருக்கும் டெலிவிஷன் வந்தது. வீட்டுக்குள்ளேயே படம் ஓடும்போது ஜாலான் புசார் வரை எதற்கு நடக்க வேண்டும்? பூங்காக்கள் மெல்ல மெல்ல இளைத்தன. சண்டை விற்கும் தொழில் அழிந்துவிடவில்லை. வாசலை மட்டும் மாற்றிக்கொண்டது. முஹம்மது அலி இளைஞராயிருந்தபோது, 1961ல், ஜார்ஜ் என்ற குஸ்திக்காரர் தம்மைத் தாமே புகழ்ந்து கூட்டத்தைச் சீண்டுவதையும், அவர் தோற்க வேண்டுமென்றே அரங்கம் நிரம்புவதையும் கண்டு அந்த வித்தையைக் கற்றுக்கொண்டார். 1975 ஜூலை 1ந் தேதி அவர் கோலாலம்பூர் மெர்டேக்கா மைதானத்தில் ஜோ பக்னரோடு சண்டையிட்டது காலை நேரத்தில். மூன்று மாதம் கழித்து மணிலாவில் ஜோ ஃபிரேஸியரோடு மோதியதும் காலையில்தான். காரணம், அமெரிக்காவில் கட்டணம் கட்டித் திரையில் பார்ப்பவர்களுக்கு அது இராக்காலம். மைதானத்தில் வெயிலில் உட்கார்ந்திருந்தவன் சில்லறை வாடிக்கையாளன். மொத்த வியாபாரம் கடலுக்கு அப்பால். 2015ல் மேவெதரும் பாக்கியாவும் மோதிய சண்டையை அமெரிக்காவில் 46 லட்சம் வீட்டார் ஏறத்தாழ 100 டாலர் வீதம் செலுத்திப் பார்த்தார்கள். மேவெதர் ஒருமுறையாவது தோற்க மாட்டாரா என்று காத்திருந்தவர்கள் அவர்களில் பலர். அவர் தோற்கவில்லை. சூட்சுமம் ஒன்றே, நியூ வேர்ல்டில் கிங் காங் செய்ததைத்தான் செய்தார்கள், கணக்கில் சுழிகள் கூடியிருந்தன.

கிங் காங்குக்கு அந்தச் சுழிகள் எட்டவில்லை. அவர் கடைசிவரை ஊர் ஊராகப் போய் உடம்பைக் கொடுத்துச் சம்பாதித்தவர். 1970ல் கார் விபத்தொன்றில் பலத்த காயமடைந்து, அவ்வாண்டு மே மாதம் சிங்கப்பூரிலேயே காலமானார். வயது அறுபதைத் தாண்டியிருந்தது.

தாரா சிங் சினிமாவில் புகழ் பெற்றார். 1962ல் அவர் நடித்த படமொன்றின் பெயரே கிங் காங். பின்னாளில் இந்திய ராஜ்ய சபையிலும் அங்கம் வகித்து, 2012ல் மறைந்தார். நியூ வேர்ல்ட் 1987ல் மூடப்பட்டது. அந்த நிலத்தில் இன்று சிட்டி ஸ்குவேர் என்ற பேரங்காடி நிற்கிறது; பழைய நுழைவாயிலை மட்டும் பக்கத்தில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். நம்மவர் வீடுகளில் குண்டாகப் பிறந்து வளரும் பையன்களுக்கு இன்னமும் கிங் காங் என்று செல்லப்பெயர் வைக்கிறார்கள். அந்தப் பையன்களுக்கு அது ஒரு குரங்கின் பெயரென்றே தெரியும்.